எட்டு லாரி மண்

— அந்தத் தம்ளரை நகர்த்தாதீங்க அண்ணி. அங்கேயே இருக்கட்டும்.

— தொகை எழுதின இடத்து மேலேயே தம்ளரை வெச்சுட்டா, நான் எதைத்தான் பாக்கிறது தம்பி?

— அதுக்குத்தான் வெச்சேன். தொகையை முதல்ல பாத்துட்டா புத்தி அதுலயே போய் உக்காந்துக்கும். ஆபீஸ்ல பர்ச்சேஸ் பிரிவுல சேர்ந்த அன்னிக்கே எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. என்ன செய்யறான், எவ்வளவு செய்யறான், அப்புறம்தான் எவ்வளவு கேக்கிறான். ஆபீசுக்கு நாற்காலி வாங்கினாலும் சரி, வீட்டுக்குப் பின்னாடி நீச்சல் குளம் கட்டினாலும் சரி, மூணு கொட்டேஷனையும் ஒரே தராசுல வெச்சாகணும்.

— வை, வை. காப்பி ஆறுது, அதையும் குடிச்சுக்கிட்டே வை.

— நீங்க சிரிக்கிறீங்க. மூணு பேரும் வந்துட்டுப் போய் எத்தனை நாளாச்சு! ஒருத்தருக்கும் பதில் சொல்லாம ஃப்ரிட்ஜ் மேல அடுக்கி வெச்சிருக்கீங்க. வீட்டை வாங்கறவர் எனக்குத் தினம் போன் பண்றார். பின்பக்கம் அரைகுறைக் குழியோட இருந்தா வேண்டாம், குளமா முடிச்சுக் குடுத்தா எடுத்துக்கறேன்னு சொல்லிட்டார். மழைக்கு முன்னாடி அடிக்கான்கிரீட்டாவது போட்டாகணும் அண்ணி.

— ஊருக்கெல்லாம் குளம் வெட்டினவர் உங்கண்ணன். அவர் வீட்டுக் குளத்துக்கு வெளியாள் மூணு பேர் விலை சொல்றாங்க. பாத்தார்னா என்ன சொல்லுவாரு?

— மூணையும் கிழிச்சுப் போட்டிருப்பான். சரி, அதை விடுங்க. முதல்ல இந்தப் பளபளக் கம்பெனி.

— படமெல்லாம் நல்லா இருக்கு. குளத்தோரம் ஒரு பொம்பளை கண்ணாடி போட்டுக்கிட்டுப் படுத்திருக்காளே, அவளும் சேத்தியா?

— அவளுக்குத் தனியா பில் போடுவான். ரெண்டாவது யாரு, நம்ம அண்ணன்கிட்ட இருந்த மேஸ்திரியா?

— அவரேதான். இப்போ சொந்தமா எடுத்துச் செய்யறார். ஒரே தாள், அதுலயும் பாதி கிறுக்கல். மூணாவது அப்பாவும் மகளும். அந்தப் பொண்ணு கெட்டிக்காரி. அப்பன் பேசிக்கிட்டே இருக்கான், அவ அளந்துக்கிட்டே இருந்தா.

— நீளம் அகலம் மூணுலயும் ஒண்ணு. ஆழம் ஒண்ணு. கம்பி, ஓடு, மோட்டார், வடிகட்டி... கிட்டத்தட்ட ஒண்ணுதான். அட, பரவாயில்லையே. நான் அடிதடியா இருக்கும்னு நினைச்சேன். மண்ணு எடுக்கிறது... இருங்க.

— என்ன?

— குளத்துக்கு வேணுங்கற ஆழத்துக்கு இன்னும் தோண்டி எடுக்க வேண்டிய மண்ணு. பளபள எழுதியிருக்கான் எட்டு லாரி. மேஸ்திரி ஆறுங்கறார். அப்பனும் மகளும் நாலு.

— அதனால?

— அதனாலயா? ஓட்டுல வித்தியாசம் இருக்கலாம், மோட்டார்ல இருக்கலாம். மண்ணுல எப்படி இருக்கும்? குழி ஒண்ணுதானே? ஆளுக்கு ஒரு குழியா காமிச்சீங்க?

— ஒரே குழியைத்தான் காமிச்சேன்.

— அப்போ ஒருத்தன் கூட்டிச் சொல்றான், இல்லை ஒருத்தன் குறைச்சுச் சொல்றான். குறைச்சுச் சொல்றவன்தான் ஆபத்து. நாலு லாரின்னு உள்ள வருவான், பாதி வேலையில "பாறை வந்துடுச்சு, மண்ணு ஜாஸ்தியாயிடுச்சு"ன்னு தலையைச் சொறிவான். அப்பனும் மகளும் அவுட்.

— பாவம், அந்தப் பொண்ணை ஏன் வையற? அவ பொய் சொல்லலை. மூணு பேருமே சரியாத்தான் அளந்தாங்க.

— மூணு பேரும் சரின்னா கணக்கு எப்படி அண்ணி உதைக்கும்? கணக்கு கணக்குதானே!

— மூணு பேரும் ஒரே நாள்ல வரலையே. பளபளக்காரன் முதல்ல வந்தான். கொஞ்ச நாள் கழிச்சு மேஸ்திரி. அப்புறம் கொஞ்ச நாள் விட்டு இவங்க.

— சரி, அதுக்கு நடுவுல?

— நீயே போய்ப் பாத்துட்டு வாயேன். கொல்லைக் கதவு திறந்துதான் இருக்கு. ஆனா உள்ள மட்டும் இறங்காதே. சொல்றேன் கேளு, விளிம்புலயும் நிக்காதே. அங்க ஒரு கம்பு கிடக்கு, அதை விட்டுப் பாரு.

— இதோ வந்துட்டேன். வந்து இந்தத் தம்ளரையே எடுத்துடறேன், பாருங்க.

— செருப்பைப் போட்டுக்கிட்டுப் போ!

— அண்ணி! அண்ணி, இது என்ன இது?

— கத்தாதே. பக்கத்து வீட்ல துணி காயப் போடறாங்க. உள்ள வந்து பேசு.

— அண்ணன் போன புதுசுல மழைத் தண்ணி நின்னுச்சுன்னு நான் உள்ள இறங்கி வாளியால இறைச்சேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கா? அப்போ என் இடுப்பு வரைக்கும்தான் இருந்துச்சு. விளிம்புல கையை ஊன்றி ஏறி வந்தேன். இப்போ கம்பை விட்டா... நான் உள்ள நின்னா என் கழுத்து வரைக்கும் வரும்.

— நாலு லாரி மண்ணுதான் பாக்கின்னு அந்தப் பொண்ணு சரியாத்தானே எழுதியிருக்கா?

— யாரு தோண்டினது?

— நான் யாரையும் கூப்பிடலை.

— மழையில மண்ணு அடங்கிப் போயிருக்கும்.

— அடங்கும். ஒரு சாண் அடங்கும். இடுப்பு அளவு கழுத்துக்கு அடங்குமா? குளம் வெட்டறவர்கூடக் குடும்பம் நடத்தினவகிட்ட மண்ணைப் பத்திக் கதை விடறியே.

— அப்போ அண்ணன்கிட்ட வேலை பாத்த ஆளுங்க. விசுவாசத்துல வந்து நாம இல்லாத நேரமாப் பாத்து...

— நான் எங்க இல்லாம போறேன்? சரி, அவங்களே தோண்டினாங்கன்னு வெச்சுக்க. மண்ணு எங்க? பக்கவாட்டுச் சந்துல தள்ளுவண்டி வந்தாலே சுவத்தை உரசும். அங்க ஒரு தடம் பாத்தியா? குழியைச் சுத்தி ஒரு கூடை மண்ணு கொட்டிக் கிடந்துச்சா?

— இல்லை. சுத்திப் புல்லு அப்படியே இருக்கு.

— எட்டுல நாலு போச்சு. நாலு லாரி மண்ணை யாரு மடியில கட்டிக்கிட்டுப் போறது?

— உங்க கையைக் காட்டுங்க.

— என்னது?

— கோவிச்சுக்காதீங்க அண்ணி. கையைக் காட்டுங்க. தனியா இருக்கீங்க, ஒரு வருஷமா யார்கிட்டயும் சரியாப் பேசறது இல்லை. துக்கம் ஆளை என்ன வேணாலும் செய்ய வைக்கும். தூக்கத்துல எழுந்து போய்...

— இந்தா, நல்லாப் பாரு. ரெண்டு கையையும் திருப்பிப் பாரு. இந்த வலது தோளு சட்டை மாட்டவே ஒத்துழைக்க மாட்டேங்குது, தலை பின்ன முடியலைன்னு முடியை வெட்டிக்கிட்டேன். நான் மண்வெட்டி பிடிச்சேனாம்!

— மன்னிச்சுக்குங்க. கேக்காம இருக்க முடியலை.

— பரவாயில்லை. நானும் என் கையை அப்படித்தான் முதல்ல பாத்தேன்.

— மேஸ்திரி என்ன சொன்னார்? அவருக்கு இந்தக் குழி தெரியுமே. அண்ணன்கூட முதல் நாள் குழிக்கு அளவுக் கயிறு கட்டினதே அவர்தானே?

— அவர் வந்தாரு. "அக்கா, நான் இருக்கேன், கவலைப்படாதீங்க"ன்னு சொல்லிக்கிட்டேதான் வந்தாரு. மேலேருந்தே டேப்பை விட்டு அளந்தாரு. அப்புறம் கடப்பாரையைத் தூக்கி நடுவுல போட்டாரு. பானையைத் தட்டின மாதிரி ஒரு சத்தம். அவர் முகம் செத்துப் போச்சு. காப்பி போட்டு வெச்சேன், குடிக்கலை. கடப்பாரையையும் எடுத்துக்கலை.

— பானையைத் தட்டின மாதிரின்னா?

— அடியில மண்ணு இல்லைன்னு அர்த்தம். உள்ள வெறும் கூடு.

— அண்ணி, இதை எதுக்கு இப்போ... இருங்க. உங்களை ஒண்ணு கேக்கணும்னுதான் நானும் வந்தேன். வாயைத் திறக்கத் தயக்கமா இருந்துச்சு.

— கேளு.

— நீங்க இடுகாட்டுக்கு அடிக்கடி போறீங்களா?

— மாசத்துக்கு ஒரு தடவை. விளக்கு வெச்சுட்டு வந்துடுவேன். ஏன்?

— அங்க காவல்காரர் எனக்குப் போன் பண்ணினார். அடக்கம் பண்ணின அன்னிக்கு ரசீதுல என் நம்பர்தானே குடுத்தோம். "சார், உங்க அண்ணன் மேட்டுல யாரோ மண்ணைக் கொண்டாந்து கொட்டறாங்க, சொல்லி வையுங்க"ன்னார். ரெண்டு தடவை சமப்படுத்தினாராம். மறுபடியும் மேடு ஏறிப் போச்சாம். பக்கத்துக் கல்லையே மறைக்குதாம். நீங்கதான் செடி வைக்க மண்ணு கொண்டு போறீங்கன்னு நினைச்சு, நானே சமாளிச்சுப் பேசிட்டேன்.

— நான் ஒரு பிடி மண்ணுகூடக் கொண்டு போகலை.

— அப்போ?

— என்ன மண்ணாம்?

— அதான் அவருக்கும் ஆச்சரியம். அங்க இருக்கிறதெல்லாம் செம்மண்ணு. இது சாம்பல் கலர்ல, களிமண்ணாட்டம், ஈரமா இருக்காம்.

— இப்போ குழியில விட்டியே கம்பு, அதுல என்ன ஒட்டியிருக்கு?

— கம்பை அங்கேயே போட்டுட்டு வந்துட்டேன் அண்ணி.

— சொல்லு தம்பி. உன் விரல்லயும் ஒட்டியிருக்கே.

— அப்படிப் பாக்காதீங்க அண்ணி. இடுகாடு எங்க இருக்கு, நம்ம வீடு எங்க இருக்கு? பஸ்ஸுல போகணும்.

— பஸ்ஸு தெருத் தெருவாச் சுத்தும். பள்ளிக்கூடத்தைச் சுத்தி, மார்க்கெட்டைச் சுத்தி, பாலத்துல ஏறி இறங்கிப் போகும். மொட்டை மாடியில நின்னு பாரு, இடுகாட்டு மரம் நம்ம பின்சுவத்துக்கு நேரே தெரியும். நேராப் போனா பக்கம்தான்.

— நேரா யாரு போறாங்க!

— போறது இல்லை. வர்றாரு.

— போதும். நிறுத்துங்க. அண்ணன் செத்துட்டான். நான்தான் குழியில இறங்கி அவனை வாங்கி வெச்சேன். மேல மண்ணு போட்டாச்சு.

— போன வருஷம் யாரோ ஒருத்தர் வீட்டுக் குளத்துல வேலை பாக்கும்போது பக்கவாட்டு மண்ணு சரிஞ்சு அவர் மேல விழுந்தப்பவும் எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. "முடிஞ்சது, அவசரமில்லாம எடுங்க"ன்னு.

— அண்ணி...

— எடுத்துட்டு வந்தப்போ அவர் ரெண்டு கையிலயும் வெள்ளைத் துணி சுத்தியிருந்துச்சு. யாரு சுத்தினது?

— நான்தான்.

— எதுக்கு?

— நீங்க பாக்கக் கூடாதுன்னு.

— நான் பாத்தேன். நீங்கல்லாம் வாசல்ல வண்டிக்குக் காத்திருந்தீங்க. நான் அவிழ்த்துப் பாத்துட்டு மறுபடியும் சுத்தி வெச்சேன். ஒரு விரல்லயும் நகம் இல்லை. வெளிய இவங்க தோண்டின நேரமெல்லாம் அவரும் உள்ளேருந்து தோண்டியிருக்காரு. இவங்க அவசரமில்லாம தோண்டினாங்க. அவர் அவசரமாத் தோண்டினாரு.

— அதை நினைச்சுக்கிட்டேதான் நான் ஒரு வருஷமாத் தூங்கறேன் அண்ணி. உங்களுக்குத் தெரியாதுங்கற ஒரே நிம்மதிதான் இருந்துச்சு. அதையும் எடுத்துட்டீங்க.

— ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மறைச்சுக்கிட்டு நல்லாத்தான் இருந்தோம்.

— சத்தம் ஏதாவது கேக்குதா?

— கேக்கும். சமையலறைத் தரை கொஞ்சம் அதிரும். தம்ளர்ல தண்ணி வெச்சா மேல வட்டம் வட்டமா வரும். முதல்ல எலின்னு நினைச்சேன். அப்புறம் ரோட்டுல லாரி போகுதுன்னு நினைச்சேன். அப்புறம் நினைக்கிறதை விட்டுட்டேன். கொஞ்சம் தோண்டுவாரு, நிறுத்துவாரு. மூச்சு வாங்கற ஆளு மாதிரி நிறுத்துவாரு.

— பயமா இல்லையா உங்களுக்கு?

— பயம் இல்லாம? ராத்திரியில விளக்கை அணைக்கிறதே இல்லை. ஆனா தம்பி, ஒரு நாள் சத்தம் கேக்கலைன்னு வெச்சுக்க, அன்னிக்குத்தான் நான் செத்துப் பிழைக்கிறேன்.

— இதுக்கு மேல நான் கேக்க மாட்டேன். கிளம்புங்க. உங்களுக்கு எங்க வீட்ல ரூம் தயாரா இருக்கு, ஜன்னலுக்குத் திரைகூட மாட்டியாச்சு. பளபளக்காரனுக்கே வேலையைக் குடுத்துடலாம். அவன் கேக்கறது ஜாஸ்தியா இருந்தா இருக்கட்டும். இன்னிக்குக் கையெழுத்துப் போட்டா நாளைக்கு மிஷினைக் கொண்டாந்து அடியில கான்கிரீட்டை ஊத்திடறேன்னு சொல்லியிருக்கான்.

— தொகையைப் பாக்காமலே குடுக்கிறியா? உன் தராசு என்னாச்சு?

— தராசு கிடக்கட்டும்! அண்ணி, நீங்க நிஜமாவே இதுல குளம் கட்டப் போறீங்களா, இல்லையா?

— குளம் எனக்கெதுக்கு? எனக்கு நீச்சல் தெரியுமா, உனக்குத் தெரியுமா?

— அப்போ எதுக்கு இந்த மூணு பேரையும் கூப்பிட்டீங்க?

— அளக்கறதுக்கு.

— என்னது?

— குழி எவ்வளவு இறங்கியிருக்குன்னு எனக்குத் தெரிய வேண்டாமா? என்னால விளிம்புல குனிய முடியாது. உன்னைக் கூப்பிட்டா அன்னிக்கே கான்கிரீட் லாரியோட வந்து நிப்ப. கொட்டேஷன்னு சொன்னா ஒரு பைசா வாங்காம வந்து அளந்து எழுதியும் குடுத்துட்டுப் போறாங்க. எட்டு வந்தப்போ ஒண்ணும் புரியலை. ஆறு வந்தப்போ உக்காந்து அழுதேன். நாலு வந்தப்போ அவரோட சட்டையெல்லாம் எடுத்துத் துவைச்சுப் போட்டேன்.

— கடவுளே! மூணு கம்பெனியை ஏமாத்தி... நான் இங்க உக்காந்து ஓட்டுக்கும் வடிகட்டிக்கும் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கேன்!

— பாவம், நீ ஆசையாப் போட்ட. தடுக்க மனசு வரலை.

— அண்ணி, நான் சொல்றதைக் கேளுங்க. அது அண்ணனா இருக்கட்டும், வேற எதுவா இருக்கட்டும். போனவங்க திரும்பி வரக் கூடாது. வந்தா அது அவங்களா இருக்காது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். மூடிடணும்.

— மூடிட்டா அவர் முட்டி நிப்பாரு. இவ்வளவு தூரம் வந்துட்டு, நம்ம குழிக்கு நேர் கீழ வந்து, தலைக்கு மேல கான்கிரீட்டைத் தட்டிக்கிட்டு நிப்பாரு. உன்னால அதைக் கேட்டுக்கிட்டுத் தூங்க முடியுமா?

— கேக்காத இடத்துக்கு உங்களைக் கூட்டிட்டுப் போயிடுவேன்.

— நீ? நீ எங்க போவ?

— என்னை விடுங்க. இந்தாங்க பேனா. இந்த இடத்துல ஒரு கையெழுத்து. உங்க காலைக்கூடப் பிடிக்கிறேன் அண்ணி.

— காலை விடு. இன்னிக்கு நாலாவது ஆள் ஒருத்தர் வர்றார். வர்ற நேரம்தான். அவர் அளந்துட்டுப் போகட்டும். இன்னமும் நாலு லாரிதான்னு சொன்னார்னா, அதுக்கு மேல இறங்கலை, எல்லாம் என் பிரமைன்னு நானே ஒத்துக்கறேன். நீ காட்டின இடத்துல கையெழுத்துப் போட்டுட்டு, இந்தப் புடவையோட உன் வண்டியில ஏறிடறேன். சாவியையும் உன்கிட்டயே குடுத்துடறேன்.

— சத்தியமா?

— உங்கண்ணன் மேல சத்தியம்.

— நாலுக்குக் கீழ சொன்னா?

— நீ இந்தப் பேனாவை மூடிப் பையில வெச்சுக்கிட்டு, மறுபடியும் கான்கிரீட்டுன்னு வாயைத் திறக்கக் கூடாது.

— சரி. நாலு லாரிதான் சொல்லுவார். களிமண்ணு ஒரு அளவுக்கு மேல அடங்காது. கணக்கு கணக்குதான்.

— மணி அடிக்குது பாரு. நீயே போய்த் திற.

— வாங்க, வாங்க. கொட்டேஷனுக்குத்தானே?

— ஆமா சார், வணக்கம் சார். வணக்கம்மா. லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்கணும். என்கூட வர்ற ஆளுக்குத் தங்கச்சி கல்யாணம், லீவு. நான் ஒருத்தனேதான் டேப்பும் கையுமா அலையறேன். நீங்க கவலையே படாதீங்க, அளவு அச்சு பிசகாம இருக்கும். பின்பக்கமாங்களா?

— இப்படியே நேராப் போங்க. குழி வெட்டினது பாதியிலேயே நிக்குது. உள்ள இறங்க வேண்டாம், அடி இளக்கமா இருக்கு.

— கவலையே படாதீங்கம்மா. மேலேருந்தே அளந்துடலாம். டேப்பு முனையில தூக்குக்குண்டைக் கட்டி விட்டா அது பாட்டுக்கு அடிக்குப் போயிடும். ஆள் தேவையே இல்லை.

— அண்ணி, நாம இங்க கதவுகிட்டயே நிப்போம். என் தோளைப் பிடிச்சுக்குங்க.

— நீ ஏன் நடுங்கற?

— நான் நடுங்கலை. நீங்க நடுங்கறது எனக்கு வருது.

— சார்! யாரு சார் வெட்டினது? சுவரு ரெண்டு பக்கமும் கத்தியில வெட்டின மாதிரி இருக்கே. இந்த மாதிரி சுத்தமா வெட்டற ஆளு இப்பல்லாம் கிடைக்க மாட்டாங்க சார்.

— எங்க அண்ணன்! ஓரத்துல ஆழம் எவ்வளவு இருக்கு, அதைச் சொல்லுங்க!

— ஓரத்துல கழுத்தளவு சார்! நாலு லாரி மண்ணு வரும்னு வெச்சுக்கங்க!

— கேட்டீங்களா அண்ணி? நாலு. அப்படியேதான் இருக்கு. கேட்டீங்களா? அழாதீங்க. நல்லதுதான். எல்லாம் நல்லதுக்குத்தான். உள்ள வாங்க, உக்காருங்க. பேனா எங்க வெச்சேன்...

— அது ஓரத்துல சார்! நடுவுல வேற மாதிரி இருக்கு! இந்தப் பொத்தலு எதுக்கு விட்டிருக்கீங்க? தண்ணி வடியறதுக்கா?

— பொத்தலா? என்ன பொத்தல்? கொஞ்ச நேரம் முன்னாடி நான் கம்பு விட்டுப் பாத்தேனே, அடி மூடித்தானே இருந்துச்சு!

— இப்போ இருக்கே சார். ஒரு ஆளு நுழையற அளவு இருக்கு. விளிம்பு மண்ணு இன்னும் உதிர்ந்துக்கிட்டே இருக்கு. இப்பத்தான் விழுந்திருக்கு போல. இருங்க, குண்டை அதுல விட்டுப் பாக்கிறேன்.

— தம்பி, என்னைப் பிடிச்சுக்க.

— பிடிச்சிருக்கேன். பிடிச்சிருக்கேன் அண்ணி.

— போகுது சார்... போய்க்கிட்டே இருக்கு... டேப்பு பாதிக்கு மேல போச்சு... நீங்க கவலையே படாதீங்க, இந்தக் காலத்துல இதுக்கெல்லாம்... ஆங், நின்னுடுச்சு. எழுதிக்குங்க சார்... சார்?

— என்ன?

— கீழ ஆளு நிறுத்தியிருக்கீங்களா சார்?

— இல்லையே. ஏன்?

— டேப்பு விறைப்பா நிக்குது. குண்டு தொங்கற மாதிரி இல்லை. முனையை யாரோ பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு.

— வேர்ல மாட்டியிருக்கும்!

— வேரு இழுக்காது சார். ரெண்டு தடவை இழுத்தாங்க. இதோ, மறுபடியும். எங்க வேலையில முனையைப் பிடிச்சவன், "சரியா வெச்சுட்டேன், நீ குறிச்சுக்க"ன்னு சொல்றதுக்கு இப்படித்தான் ரெண்டு தடவை இழுத்து விடுவான். வெளியாளுக்கு இது தெரியாது சார். கீழ யாரு சார் இருக்கா?

— தம்பி, எங்க ஓடற? விளிம்புக்குப் போகாதே! வேண்டாம், அது யாரோ என்னவோ! உனக்கு ஏதாவது ஆச்சுன்னா... தம்பி!

— சார், தள்ளி நில்லுங்க, கரை சரியுது! என் கையெல்லாம் வேர்க்குது. டேப்பை விட்டுடறேன் சார்.

— விடாதீங்க! ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிச்சுக்குங்க! அண்ணி, ஏணி எங்க இருக்கு?